பாலியல் வன்முறை, அளவுமீறிய குடி: நம் இளையர்களுக்கு எந்தத் தடுப்புத் திட்டத்தை எடுக்கலாம்?

சிங்கப்பூரில் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையோ, சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவோ, கோயில் இளையர் அணியோ, எதுவாக இருந்தாலும் கூட்டத்தில் யாராவது ஒருவர் "இந்த வருஷம் பாலியல் தொல்லை பற்றியும் குடி பற்றியும் ஏதாவது செய்யணும்" என்று சொன்னால், பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் முடிகிறது. ஒரு மண்டபம், ஒரு வழக்கறிஞர் அல்லது மனநல ஆலோசகர், ஒன்றரை மணி நேர உரை, கேள்வி பதில், பீஹூன், தேநீர், குழுப்படம். அந்த நல்ல எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பணமும் தொண்டூழியர்களின் நேரமும் யாரையாவது பாதுகாத்ததா என்று கேட்டால், ஆய்வுகள் இல்லை என்றுதான் சொல்கின்றன. வேறு வழிகள் இருக்கின்றன. சிலவற்றுக்கு உறுதியான சான்றும் இருக்கிறது. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நம்மைப் போன்ற சிறிய அமைப்பு எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று சொல்கிறேன்.

முதலில், ஏன் இரண்டையும் சேர்த்துப் பேசுகிறோம்? அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வுகளில், பாலியல் தாக்குதல்களில் ஏறக்குறைய பாதியில் தாக்கியவரோ பாதிக்கப்பட்டவரோ இருவருமோ குடித்திருந்தார்கள் என்று தொடர்ந்து தெரிய வந்திருக்கிறது. இதைச் சொன்ன உடனே நம்மவர்களிடம் "அந்தப் பொண்ணு ஏன் குடிச்சா, அந்த நேரத்துல அங்க என்ன வேலை" என்று பேச்சு திரும்பிவிடும். அங்கேதான் பாதித் திட்டங்கள் கெட்டுப்போகின்றன. குடித்திருந்தது யாருக்கும் யாரையும் தொட அனுமதி தருவதில்லை. சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தின் 90ஆவது பிரிவே, போதையால் தான் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று புரியாத நிலையில் ஒருவர் தரும் சம்மதம் சம்மதமே இல்லை என்கிறது. ஒரு திட்டம் முடிந்து வெளியே வரும் பெண், நாளை தனக்கு ஏதாவது நடந்தால் "நான்தானே குடிச்சேன், யார்கிட்ட சொல்றது" என்று நினைக்கும்படி பேசியிருந்தால், அந்தத் திட்டம் நடக்காமலே இருந்திருக்கலாம். நான் எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

சரி, ஒருநாள் உரைக்கு வருவோம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் பாலியல் வன்முறையைச் செய்வதைத் தடுக்கும் திட்டங்கள் பற்றிய 140 ஆய்வுகளை 2014இல் தொகுத்துப் பார்த்தார்கள். வன்முறை உண்மையிலேயே குறைந்தது என்று கடுமையான சோதனையில் காட்ட முடிந்தவை மூன்றே மூன்று: இரண்டு பள்ளித் திட்டங்கள், அப்புறம் பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய 1994ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வந்த நிதியுதவி. ஒரே அமர்வில் முடிந்துவிடும் உரைகளும் படக்காட்சிகளும் அந்தப் பட்டியலில் இல்லை. குடி விஷயத்திலும் இதே கதைதான். மது பற்றிய அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் கழகம் 2015இல் கல்லூரிகளுக்காக வெளியிட்ட வழிகாட்டி, தகவலை மட்டும் சொல்லித்தரும் முறைகளைப் பலனில்லாதவை என்று தரம் பிரித்தது. காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதில்லை. குடி கல்லீரலைக் கெடுக்கும் என்று தெரியாமல் யாரும் குடிப்பதில்லை, சம்மதம் வேண்டும் என்று தெரியாமல் அத்துமீறுபவர்களும் குறைவு. தகவல் பற்றாக்குறையால் வராத பிரச்சினையைத் தகவல் தீர்க்காது. இருந்தும் நிகழ்ச்சி முடிந்ததும் கருத்துப் படிவத்தில் எல்லாரும் "மிகவும் பயனுள்ளது" என்று எழுதிவிடுகிறார்கள், அதைப் பார்த்து அடுத்த ஆண்டும் அதையே நடத்துகிறோம்.

அடுத்தது, கூட இருப்பவர் தலையிடும் பயிற்சி. ஒரு விருந்தில் யாரோ ஒருவர் நிற்க முடியாத நிலையில் இருக்கும் பெண்ணைத் தனியாக அழைத்துப் போகப் பார்க்கிறார், பக்கத்தில் இருக்கும் நாலு பேர் என்ன செய்வது என்பதைப் பழக்கித் தருவது. எனக்கு இது மனத்துக்கு நெருக்கமான முறை, ஏனென்றால் அறையில் இருக்கும் எல்லாரையும் குற்றவாளியாகவோ பலியாகவோ பார்க்காமல், உதவக்கூடிய ஆளாகப் பார்க்கிறது. கென்டக்கி மாநிலத்தில் 26 உயர்நிலைப் பள்ளிகளை இரண்டாகப் பிரித்து, 2010 முதல் 2014 வரை 'கிரீன் டாட்' என்ற திட்டத்தைச் சோதித்தார்கள். பயிற்சி நடந்த பள்ளிகளில் மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் பாலியல் வன்முறை குறைந்தது. மூன்றாம் ஆண்டு என்பதைக் கவனியுங்கள். முதல் ஆண்டிலேயே கைவிட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது. இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. இப்படிப்பட்ட திட்டங்களை எல்லாம் சேர்த்து 2019இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, பயிற்சி எடுத்தவர்கள் சில மாதங்களுக்கு அதிகமாகத் தலையிடுகிறார்கள், ஆனால் ஆறு மாதத்தில் அந்த வேகம் தேய்ந்துவிடுகிறது, பங்கேற்றவர்கள் தாங்களே வன்முறையில் ஈடுபடுவது குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்று சொன்னது. அதாவது ஒருமுறை நடத்திவிட்டுக் கைகழுவ முடியாது, ஒவ்வொரு பருவத்திலும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

நம் இளையர்களிடம் இதற்கு ஒரு தனிச் சிக்கலும் ஒரு தனி வசதியும் உண்டு. சிக்கல், அத்துமீறுபவர் பெரும்பாலும் 'அண்ணன்'. மேல்வகுப்பு மாணவர், நடனக் குழுத் தலைவர், போன ஆண்டுச் செயலாளர். "அண்ணே, வேணாம்ணே" என்று ஒரு பதினெட்டு வயதுத் தம்பி எல்லார் முன்னாலும் சொல்வது எவ்வளவு கடினம் என்று நம்மில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். வசதி என்னவென்றால், யாரையும் நேராக எதிர்க்காமல் இடையில் புகுந்து கலைத்துவிடுவதில் நாம் கெட்டிக்காரர்கள். "அக்கா, உங்கம்மா போன் பண்றாங்க, வாங்க", "நான் கிராப் புக் பண்ணிட்டேன், கார் கீழ வந்துடுச்சு, வா போலாம்" என்று சொன்னால் போதும், சண்டையும் இல்லை, யாருக்கும் மானம் போகவும் இல்லை, அந்தப் பெண் பத்திரமாக வெளியே வந்துவிடுகிறாள். பயிற்சியில் இந்த வரிகளைத் தமிழிலேயே, பேசுகிற தமிழிலேயே, வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். ஆங்கில ஸ்லைடில் எழுதிக் காட்டினால் அவசர நேரத்தில் வாயில் வராது.

மூன்றாவது, பெண்களுக்கான எதிர்ப்புப் பயிற்சி. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த எல்லாவற்றிலும் மிக வலுவான எண்கள் இதில்தான் இருக்கின்றன. கனடாவின் வின்சர் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லீன் சென் உருவாக்கியது. ஒவ்வொன்றும் மூன்று மணி நேரமாக நான்கு பகுதிகள், மொத்தம் 12 மணி நேரம். தெரிந்தவர்களிடமிருந்து வரும் ஆபத்தை எப்படி அடையாளம் காண்பது, 'நல்லவராச்சே, எப்படிச் சந்தேகப்படுவது' என்ற தயக்கத்தை எப்படித் தாண்டுவது, வாயாலும் உடலாலும் எப்படி எதிர்ப்பது, கடைசியில் தனக்கு என்ன வேண்டும் என்ன வேண்டாம் என்று தானே தெளிவாகத் தெரிந்துகொள்வது. கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 முதலாண்டு மாணவிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இந்தப் பயிற்சி, இன்னொன்றுக்கு வழக்கமான துண்டுப் பிரசுரங்கள். ஓராண்டு கழித்துக் கேட்டபோது, வன்புணர்ச்சிக்கு ஆளானவர்கள் பிரசுரக் குழுவில் 9.8 விழுக்காடு, பயிற்சிக் குழுவில் 5.2 விழுக்காடு. வன்புணர்ச்சி முயற்சி 9.3 விழுக்காட்டிலிருந்து 3.4 விழுக்காடாக இறங்கியிருந்தது. வேறு மாதிரி சொன்னால், 22 பெண்கள் பயிற்சி எடுத்தால் ஓராண்டில் அவர்களில் ஒருவருக்கு நடந்திருக்கக்கூடிய வன்புணர்ச்சி நடக்காமல் போகிறது. 2015இல் இது வெளிவந்தது, இரண்டாண்டு கழித்தும் பலன் நீடித்ததாகப் பிறகு காட்டினார்கள்.

"தப்பு செய்யறது ஆம்பளைங்க, பயிற்சி மட்டும் பொம்பளைங்களுக்கா?" என்ற கேள்வி வரும், வர வேண்டும். என் பதில் இது: ஆண்களை மாற்றும் வேலை நடக்கட்டும், நடந்தே ஆக வேண்டும், ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்போது இந்த ஆண்டு கல்லூரிக்குள் நுழையும் பெண்ணைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. இன்னொன்று, இந்தப் பயிற்சி பெண்ணின் நடமாட்டத்தைக் குறைக்கச் சொல்வதில்லை. பயிற்சி எடுத்தவர்களிடம், பாதிக்கப்பட்ட பெண்ணையே குறைசொல்லும் எண்ணம் குறைந்திருந்தது. நம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் "ராத்திரி வெளியே போகாதே" என்பதற்கு இது நேர் எதிர்.

குறைகளும் உண்டு. முறையாகப் பயிற்சி பெற்ற இளம்பெண்கள் இருவர் சேர்ந்து நடத்த வேண்டும், இணையத்தில் இருந்து எடுத்து நாமே ஓட்டிவிட முடியாது. ஆகவே செலவும் ஏற்பாடும் அதிகம். கனடாவின் பல்கலைக்கழக மாணவிகளுக்காக எழுதப்பட்டது. இங்கே நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் திருமணம் வரை பெற்றோர் வீட்டில்தான் இருக்கிறார்கள், தனியாளாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கவே 35 வயது ஆக வேண்டும். அதனால் ஆபத்து வரும் இடங்களும் வேறு, ஆட்களும் வேறு: உறவுக்காரர், குடும்ப நண்பர், துணைப்பாட ஆசிரியர். எடுத்துக்காட்டுகளை மாற்றாமல் அப்படியே நடத்தினால் பாதி ஒட்டாது. மாற்றுவதையும் அதை உருவாக்கியவர்களின் ஒப்புதலோடுதான் செய்ய வேண்டும்.

நான்காவது, குடியை மட்டும் குறைக்கும் குறுகிய உரையாடல். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் மார்லட்டும் அவருடைய குழுவினரும் வளர்த்தெடுத்த முறை. ஒவ்வொருவராக உட்காரவைத்து, அவர் எவ்வளவு குடிக்கிறார், அவர் வயதுக்காரர்கள் உண்மையில் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று எண்களைக் காட்டிப் பேசுவது. திட்டுவது கிடையாது, விட்டுவிடு என்று வற்புறுத்துவதும் கிடையாது. இளையர்கள் பொதுவாக மற்றவர்கள் குடிப்பதை மிகையாக மதிப்பிடுகிறார்கள், "எல்லாரும்தான் குடிக்கிறாங்க" என்ற அந்த நினைப்பு உடைந்தாலே கொஞ்சம் குறைக்கிறார்கள். கொஞ்சம்தான். பலன் சிறியது, பெரும்பாலும் ஓராண்டுக்குள் மங்கிப்போகிறது. ஆனால் மலிவு, இணையத்திலும் செய்யலாம். அளவு பற்றிப் பேசவும் இது நல்ல வாய்ப்பு. இங்கே சுகாதார மேம்பாட்டு வாரியம் ஒரே அமர்வில் ஆண் ஐந்து, பெண் நான்கு அளவைக் குடித்தாலே அளவுமீறிய குடி என்கிறது, ஓர் அளவு என்பது 10 கிராம் தூய ஆல்கஹால். 330 மில்லி பீர் டின் ஒன்றிலேயே ஏறக்குறைய 13 கிராம் இருக்கிறது என்று சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

இதை மட்டும் செய்தால் பாலியல் வன்முறை குறையுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. குறைவாகக் குடித்துவிட்டும் ஒருவர் அத்துமீறலாம். அதனால் இரண்டையும் சேர்த்த திட்டங்கள் வந்திருக்கின்றன. அதிகமாகக் குடிக்கும் மாணவிகள் 207 பேரிடம் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சோதித்த இணையத் திட்டம் ஒன்று, முன்பே பாலியல் தாக்குதலால் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தவர்களுக்கு அதிகம் உதவியது. ஆண்களுக்காக மட்டும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உருவான 'ரியல்கன்சென்ட்' அரைமணி நேரப் பகுதிகள் ஆறு கொண்டது. 743 மாணவர்களிடம் சோதித்தபோது, ஆறு மாதம் கழித்துத் தாங்களே ஒப்புக்கொண்ட பாலியல் வன்முறை குறைந்திருந்தது. தேசிய சேவை முடித்துப் பல்கலைக்கழகம் வரும் நம் பையன்களுக்கு, பெண்கள் இல்லாத இடத்தில், வெட்கப்படாமல் கேள்வி கேட்க இப்படி ஒன்று தேவை என்றுதான் நினைக்கிறேன். ஆண்களிடம் தனியாகப் பேசாமல் விட்டது நம் அமைப்புகளின் பெரிய ஓட்டை.

ஐந்தாவதுதான் என் முதல் தேர்வு: ஆட்களை மாற்றுவதற்கு முன் இடத்தையும் ஏற்பாட்டையும் மாற்றுவது. நியூயார்க்கில் 30 நடுநிலைப் பள்ளிகளில் 'ஷிஃப்டிங் பவுண்டரிஸ்' என்ற திட்டத்தைச் சோதித்தார்கள். சில பள்ளிகளில் வகுப்புப் பாடம் மட்டும், சிலவற்றில் கட்டட அளவிலான மாற்றங்கள் மட்டும், சிலவற்றில் இரண்டும். மாணவர்களிடமே பள்ளி வரைபடத்தைக் கொடுத்து, எங்கே பாதுகாப்பாக உணர்கிறீர்கள், எங்கே இல்லை என்று வண்ணம் தீட்டச் சொன்னார்கள். பயமான இடங்களில் ஆசிரியர்களை நிறுத்தினார்கள், தொல்லை தருபவருக்கு விலகி இருக்கும் உத்தரவு போட்டார்கள். பாலியல் வன்முறையைக் குறைத்தது இந்தக் கட்டட மாற்றம்தான். வகுப்புப் பாடம் மட்டும் கொடுத்த பள்ளிகளில் அந்தப் பலன் இல்லை. குடிக்கும் இதே மாதிரி ஒரு சான்று உண்டு. ஐஸ்லாந்தில் கடந்த ஒரு மாதத்தில் போதை ஏறக் குடித்த 15, 16 வயதுப் பிள்ளைகள் 1998இல் 42 விழுக்காடு, 2016இல் 5 விழுக்காடு. பிள்ளைகளுக்கு உரை நிகழ்த்தி இது நடக்கவில்லை. விளையாட்டு, கலை, பெற்றோர் ஒன்றுசேர்ந்து எடுத்த முடிவுகள், இரவு நேரக் கட்டுப்பாடு என்று சுற்றியிருந்த எல்லாவற்றையும் மாற்றினார்கள்.

சிங்கப்பூரில் நமக்குப் பாதி வேலையைச் சட்டம் செய்துவிட்டது. 18 வயதுக்குக் கீழ் மது விற்கக் கூடாது. 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015 ஏப்ரல் முதல் இரவு 10.30 தொடங்கிக் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கவும் கூடாது, கடையில் வாங்கிப் போகவும் முடியாது. ஆனால் அதனால் புளோக்குக்குக் கீழே இருந்த குடி எங்கே போனது? கதவு பூட்டும் இடங்களுக்கு. பாசிர் ரிஸ் பக்கம் வாடகைக்கு எடுக்கும் 'சாலே' விடுமுறை வீடு, கொண்டோவின் விருந்து அறை, ஹோட்டல் அறை, விடுதி அறை. இருபத்தோராம் பிறந்தநாள் கொண்டாட்டம், கலைநிகழ்ச்சி முடிந்த இரவு, செயற்குழுவின் கடைசிக் கூட்டம் எல்லாம் அங்கேதான். காவல்துறை ரோந்து வராத, மூத்தவர் யாரும் இல்லாத, எம்ஆர்டி நின்றுபோன நேரம். நம் இளையர்களிடம் வரைபடத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னால் இந்த இடங்கள்தான் சிவப்பாகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே அமைப்பின் பெயரில் நடக்கும் எந்த நிகழ்ச்சிக்கும் சில ஏற்பாடுகள். அமைப்புப் பணத்தில் மது வாங்குவதில்லை. குடிக்காத இருவர், கட்டாயம் ஓர் ஆணும் ஒரு பெண்ணும், பொறுப்பில் இருப்பார்கள், அவர்கள் யார் என்று வருகிற எல்லாருக்கும் தெரியும். சாப்பாடு முதலில் வரும். கடைசி ரயிலுக்கு முன் நிகழ்ச்சி முடியும், முடியாவிட்டால் காருக்கான பணம் வரவுசெலவிலேயே இருக்கும். தங்கினால் யார் எந்த அறை என்று முன்பே முடிவாகியிருக்கும். புதியவர்களை வைத்துக் குடி விளையாட்டு, தொட்டு விளையாடும் 'ஐஸ்பிரேக்கர்' எதுவும் கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தைச் சிறியதாக நினைக்க வேண்டாம். 2016இல் தேசியப் பல்கலைக்கழகத்தின் அறிமுக முகாம்களில் பாலியல் சாயல் கொண்ட விளையாட்டுகள் வெளியே வந்தபோது, மாணவர்கள் நடத்திய அறிமுக நடவடிக்கைகளையே நிர்வாகம் நிறுத்திவைத்தது. அதே பல்கலைக்கழக விடுதியில் குளியலறையில் இருந்த மாணவியை ஒரு மாணவர் படமெடுத்த விவகாரம் 2019இல் வெளியே வந்த பிறகுதான் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தனிப் பிரிவு வந்தது. பெரிய நிறுவனங்களே விவகாரம் வெடித்த பிறகு மாறின. நாம் அதற்கு முன்பே மாறலாம், செலவும் அதிகமில்லை.

இனி, எதை எடுத்தாலும் அது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாற்பது பேர் கலந்துகொண்ட நிகழ்ச்சியில் வன்முறைச் சம்பவங்கள் குறைந்தனவா என்று நாம் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மேலே சொன்ன கனடாப் பயிற்சியின் அளவுக்குப் பலன் இருந்தாலும் நாற்பது பெண்களில் இரண்டு சம்பவம் குறையும், அது தற்செயலா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் பெரிய ஆய்வில் ஏற்கெனவே நிரூபிக்கப்பட்டதை எடுத்து, அதைச் சரியாக நடத்தினோமா என்று பார்ப்பது நமக்கு உகந்த வழி. எல்லா அமர்வுக்கும் வந்தவர்கள் எத்தனை பேர்? மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து, பெயர் இல்லாமல், "கடந்த மாதங்களில் யாருக்காவது இடையில் புகுந்து உதவினீர்களா, என்ன செய்தீர்கள்" என்று கேட்டோமா? கேள்வி செயலைப் பற்றி இருக்க வேண்டும். "நீங்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானீர்களா" என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள், நடந்ததை அந்தப் பெயரில் அவர்கள் அழைப்பதில்லை. மேரி காஸ் என்ற ஆய்வாளர் எண்பதுகளில் செய்த முக்கியமான மாற்றமே, நடந்த செயலை வெளிப்படையாக விவரித்துக் கேட்டதுதான். இன்று வரை நல்ல ஆய்வுகள் அந்த வழியில்தான் கேட்கின்றன. ஆனால் அப்படிப்பட்ட கேள்விகளை நாம் கேட்பதானால், பதில் சொல்பவர் உடைந்துபோனால் தாங்கிக்கொள்ள ஆள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்காமல் இருப்பதே நல்லது.

ஒரு விஷயத்தில் செயற்குழு முன்பே மனத்தைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும். நல்ல திட்டம் நடந்த பிறகு புகார்கள் கூடலாம். முன்பு வாய் திறக்காதவர்கள் திறப்பார்கள். அதைப் பார்த்து "சும்மா இருந்த சங்கத்தைக் கிளறிவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது. சொல்ல வருபவரிடம் முதலில் "நீ சொல்றதை நம்பறேன்" என்று சொல்லவும், என்ன செய்வது என்பதை அவரே முடிவு செய்ய விடவும் பொறுப்பாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். வன்முறைக்கும் பாலியல் தொல்லைக்கும் எதிரான தேசிய உதவி எண் 1800-777-0000 நாள் முழுவதும் இயங்குகிறது. பெண்கள் உரிமைக்காக இயங்கும் 'அவேர்' அமைப்பின் பாலியல் தாக்குதல் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. குடி கையை மீறிப்போனவருக்கு மனநலக் கழகத்தில் உள்ள தேசியப் போதைப் பழக்கச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. இவற்றைச் சுவரொட்டியில் போட்டால் போதாது, பொறுப்பாளர் கைபேசியில் சேமித்திருக்க வேண்டும்.

பணம் மிகக் குறைவாக இருந்தால் நிகழ்ச்சி ஏற்பாட்டு விதிகள் மட்டும் போதும், அதை எழுதி நிறைவேற்ற ஒரு கூட்டம்தான் தேவை. கொஞ்சம் இருந்தால் அதோடு கூட இருப்பவர் பயிற்சி, ஒரே நாளில் இல்லாமல் பருவத்துக்கு ஒன்றாக, ஆண்களுக்கு ஒரு தனி அமர்வோடு. பெண்களுக்கான 12 மணி நேரப் பயிற்சியை ஒரு சங்கம் தனியாகத் தாங்காது. நாலைந்து சங்கங்கள் சேர்ந்து, சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) போன்ற அமைப்பிடம் உதவி கேட்டு, இரண்டு பெண்களைப் பயிற்சிக்கு அனுப்பினால் தாங்கும். அதற்காக நான் மற்ற எல்லாச் செலவையும் தள்ளிப்போடுவேன். குடி பற்றிய தனி உரையாடலை, தேவைப்படுபவருக்கு மட்டும், தெரிந்த ஆலோசகரிடம் விடலாம். ஒருநாள் உரையை விட்டுவிடலாம்.

புதிதாகச் சேர்ந்த முதல் மாதங்களில்தான் ஆபத்து அதிகம் என்று ஆய்வுகள் காட்டுவதால் நேரமும் முக்கியம். பலதுறைத் தொழிற்கல்லூரிகள் ஏப்ரலில் திறக்கின்றன, பல்கலைக்கழகங்கள் ஆகஸ்ட்டில். வழக்கமான செப்டம்பர் நிகழ்ச்சி இரண்டு குழுவுக்குமே தாமதம். விதிகளை மார்ச்சுக்குள் எழுதிவிட்டு, தலையிடும் பயிற்சியின் முதல் அமர்வை அறிமுக முகாம் நடத்தப்போகும் மூத்த மாணவர்களுக்கே, முகாமுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.